நிழல்வலை கட்டியபின் ஸ்ட்ராபெர்ரியில் இலை மட்டும் செழிப்பது ஏன்?

கோத்தகிரி பக்கம் ஸ்ட்ராபெர்ரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டியபின் இலை பெரிதாக, கரும்பச்சையாக வருகிறது, பூ குறைவு, பழமும் புளிக்கிறது. உரம் போதவில்லையா?

உரம் போடாதீர்கள். உங்கள் செடிக்கு வெளிச்சம்தான் போதவில்லை. நானும் நீலகிரியில் இதே வலையைக் கட்டி ஒரு பருவத்தை இழந்தவன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உச்சிவெயிலில் சதுர மீட்டருக்கு, விநாடிக்கு 2000 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் அலகு) வரை ஒளி விழும். ஸ்ட்ராபெர்ரியின் ஓர் இலை அதில் சுமார் 800 முதல் 1000 வரைதான் பயன்படுத்தும். அப்படியானால் பாதியை மறைத்தாலும் நஷ்டமில்லையே என்று நானும் நினைத்தேன். ஆனால் அது மேல் இலைக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. அதன் நிழலில் இருக்கும் கீழ் இலைகளுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். மூடுபனி இறங்கும் நாளில் வெட்டவெளியிலேயே சில நூறுதான் இருக்கும். வலை அதிலும் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறது.

கிடைக்கும் கொஞ்சம் ஒளியையும் விடாமல் பிடிக்கச் செடி இலையை அகலமாக்கும், மெல்லியதாக்கும், பச்சையத்தைக் கூட்டும், காம்பை நீட்டும். நாம் செழிப்பு என்று நினைப்பது இதைத்தான். சர்க்கரை உற்பத்தி குறைவதால் பூமொட்டுக்கும் பழத்துக்கும் போக மிச்சமிருக்காது. பச்சை வலை இன்னும் மோசம். செடிக்கு மிகவும் வேண்டிய சிவப்பு ஒளியை அது கூடுதலாகத் தடுக்கிறது. கடைகளில் எளிதாகக் கிடைப்பதும் அதுதான், என்ன செய்வது! நிழல் வேண்டியே தீரும் என்றால் வெள்ளை வலை நல்லது. ஒளியைச் சிதறடித்து உள்ளிலைக்கும் அனுப்பும்.

மழைக்கு மேற்கூரை போடுவதை மட்டும் நான் முழுமனதாக ஆதரிப்பேன். பழத்தை அழுகவைக்கும் போட்ரைடிஸ் பூஞ்சணம் முளைக்க, பூவும் பழமும் மணிக்கணக்கில் ஈரமாக இருக்க வேண்டும். மேலே பாலிதீன் இருந்தால் அந்த வாய்ப்பு குறையும். ஆனால் பக்கவாட்டை மூடிவிட்டால் காற்றில் ஈரம் தேங்கி, இலையில் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய் வரும். அதற்கு இலை நனையவே தேவையில்லை. வெயில் நாளில் உள்ளே 30 டிகிரி தாண்டினால் மகரந்தமும் பலவீனமாகும்.

அப்புறம் தேனீ. ஸ்ட்ராபெர்ரியின் மேல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு 'விதை'யும் தன்னைச் சுற்றியுள்ள சதையை வீங்கவைக்கிறது. மகரந்தம் சேராத இடம் அப்படியே சப்பையாக நின்றுவிடும். கோணல் பழம் நிறைய வந்தால், பூக்கும் காலத்தில் தேனீ உள்ளே வர வழி இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

சரி, இப்போது வலையை எடுத்துவிடுங்கள். ஆனால் வெயில் காயும் நாளில் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். நிழலில் வளர்ந்த மெல்லிய இலை கருகிவிடும். மேகமூட்டமான நாலைந்து நாட்களைப் பார்த்து எடுங்கள். பழைய இலைகள் இனி மாறாது. அடுத்து வரும் குருத்தில் காம்பு குட்டையாக, இலை தடிப்பாக இருக்கிறதா என்று கவனித்து இங்கே எழுதுங்கள்.