குரூசர் வண்டிக்கு மாற்று டயர்: கேள்விகளும் பதில்களும்

தருமபுரியில் இருபது ஆண்டுகளாக இருசக்கர வண்டிகளுக்கு டயர் மாற்றி வருகிறேன். தாழ்வான இருக்கையில் சாய்ந்து அமர்ந்து நெடுந்தூரம் ஓட்டுவதற்கான குரூசர் வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

பாலக்கோடு வாசகர்: மீட்டியோர் 350 வண்டியின் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிட்டது. ஓரங்கள் புதிது போலவே உள்ளன. இன்னும் ஓட்டலாமா?

பதில்: குரூசரில் ஓட்டுநர் தாழ்வாகவும் பின்தள்ளியும் அமர்வதால் எடையின் பெரும்பங்கு பின் சக்கரத்தில் விழுகிறது, கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரை நான்கு வழிச் சாலையில் நேராகவே ஓடும் வண்டியில் நடுப்பகுதி மட்டும் தேய்வது இயல்புதான். ஆனால் உருண்டையாக இருக்க வேண்டிய டயர் தட்டையாகிவிட்டால், தொப்பூர் கணவாய் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அது தட்டையின் விளிம்பைத் தாண்டிச் சட்டென்று விழுவது போல் சாயும். இருசக்கர வண்டிக்கு டயரின் மேற்புறத்தில் வெட்டியுள்ள பள்ளங்களின் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் அந்த எல்லை வரை காத்திருப்பதை நான் ஏற்பதில்லை. பின்னால் 140/70-17, முன்னால் 100/90-19 என்ற அளவுகளையே வாங்குங்கள். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அளவை அடுத்து வரும் எண் சுமையைக் குறிக்கும். 66 என்றால் 300 கிலோ. பழைய டயரில் உள்ள எண்ணைவிடக் குறைந்ததை ஏற்காதீர்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 1824 என்றால் 2024ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

பென்னாகரம் வாசகர்: எந்தக் கம்பெனி டயர் சிறந்தது?

பதில்: அளவும் சுமை எண்ணும் பொருந்தி, அந்த நான்கு இலக்கங்களும் அண்மையவையாக இருந்தால், பெயர் பெற்ற எந்தக் கம்பெனியும் போதும்.

ஓசூர் வாசகர்: அவெஞ்சர் 220 குரூஸில் பின்னால் 130/90-15 உள்ளது. 140/90-15 போடலாமா?

பதில்: வேண்டாம். டயரின் விட்டம் 615 மில்லிமீட்டரிலிருந்து 633 ஆகிவிடும். அகலமும் கூடுவதால் செயினுக்கும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்முக்கும் டயரிலிருந்து உள்ள இடைவெளி குறையும்.

ஓசூர் வாசகர் மீண்டும்: என் நண்பர் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறார். அகலமான டயர் சாலையை அதிகமாகப் பிடிக்கும் அல்லவா?

பதில்: இந்த நம்பிக்கையை விரிவாகவே மறுக்க வேண்டியுள்ளது. சாலையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சுமையும் காற்றழுத்தமும். அகலம் அந்தப் பரப்பின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. உங்கள் ரிம்மோ மாறவில்லை. ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரு விளிம்புகளும் உள்நோக்கி இழுக்கப்பட்டு, மேற்புறம் கூடுதலாகக் குவிந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கிய அகலம் தரையைத் தொடாமலே போகும். பின்னால் ஒருவரையும் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போகும் வழியில் வேகத்தடையில் இறங்கும்போது, மட்கார்டில் டயர் உரசுகிறதா என்று நண்பரைக் கேட்டுப் பாருங்கள்.

காரிமங்கலம் வாசகர்: அப்படியானால் 15 அங்குல கார் டயரே போட்டுவிடலாமே?

பதில்: இரண்டும் 15 அங்குலம் என்பதால் ஒன்றாகிவிடாது. கார் டயரின் விளிம்பு வேறு வகை ரிம்முக்காகச் செய்யப்பட்டது. அதன் மேற்புறம் தட்டை, நம் வண்டியோ சாய்ந்து திரும்புவது. ஓசூர் அன்பருக்குத் துணையாக வந்து அவரது வழக்கைப் பலவீனப்படுத்திவிட்டீர்கள்.

அரூர் வாசகர்: ஸ்போக் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் போடலாமா?

பதில்: சாதாரண ஸ்போக் ரிம்மில் கம்பித் துளைகள் வழியே காற்று கசியும். ஆகவே உள்ளே சரியான அளவில் புது டியூப் போட்டே ஆக வேண்டும். பழைய டியூபை மடித்துத் திணிக்க விடாதீர்கள்.

ஊத்தங்கரை வாசகர்: எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: பென்னாகரத்தாருக்குச் சொன்னதே. நான்கு இலக்கங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: கோடையில் காற்றைக் குறைக்க வேண்டுமா?

பதில்: கூடாது. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். சூட்டில் ஏறிய அழுத்தத்தைத் திறந்துவிட்டால் மறுநாள் குறைந்த காற்றில் ஓட்டுவீர்கள். குறைந்த காற்றில்தான் டயர் மேலும் சூடாகும்.

கிருஷ்ணகிரி வாசகர்: லாரிக்கு ரீட்ரெட் டயர்...

பதில்: லாரி டயர்க் கடையில் கேளுங்கள்.

ஓசூர் வாசகர்: உண்மையைச் சொல்லிவிடுகிறேன், 140 டயரை நேற்றே வாங்கிவிட்டேன்.

பதில்: முன்பே நினைத்தேன். ரிம்மில் ஏற்றாதவரை மாற்றிக் கேட்க இடமுண்டு. பில்லுடன் இன்றே செல்லுங்கள். பதிலுக்குத் தரும் 130 டயரிலும் நான்கு இலக்கங்களைப் பார்த்த பிறகே கையில் வாங்குங்கள்.