நான் ஈ.ஈ.ஈ. (மின், மின்னணுப் பொறியியல்) படிக்கும் மாணவி. மின்துறையில் யாரை முன்னோடி என்று சொல்வீர்கள்?

ஏ. லலிதாவைத்தான் சொல்வேன். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943இல் பட்டம் வாங்கியவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைக்குழந்தையோடு விதவை, கிண்டியிலேயே பேராசிரியராக இருந்த அப்பா பப்பு சுப்பாராவ் முயற்சி எடுத்துக் கல்லூரியில் சேர்த்தது என்று எல்லாம் உருக்கமான கதைதான். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930களின் தொடக்கத்திலேயே மலையிறங்கி கோவை மில்களை ஓட்ட ஆரம்பித்துவிட்டது. அந்த மின்சாரத்தைக் கற்றுத்தந்த வகுப்பில் பெண்கள் உட்கார அதற்கப்புறமும் பல வருஷம் ஆனது.

ஆனால் அதே நீலகிரியில் குந்தா பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கும் எனக்கு, பட்டம் வாங்கியபின் அவர் செய்த வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் கொஞ்ச காலம் அரசு வேலை. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்தார். மின்தொடர் வடிவமைப்பு, துணை மின்நிலைய அமைப்பு, பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் அங்கேதான். பக்ரா நங்கல் திட்டத்திலும் அவர் உழைப்பு இருக்கிறது.

பாதுகாப்புக் கருவி என்றால் என்ன என்று வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஆடிக் காற்றில் இங்கே கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சாய்ந்து லைன் மேல் விழும். அந்தக் கணமே கரண்ட் பல மடங்கு ஏறும். சி.டி. என்கிற கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதைச் சின்ன அளவாக்கி, கரண்ட்டைக் கண்காணிக்கும் ரிலேவுக்குக் கொடுக்கும். ரிலே, லைனைத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கரைத் திறக்கும். இதுவரைக்கும் சுலபம். சிக்கல் என்னவென்றால், அந்த ஃபால்ட் (பழுது) கரண்ட், மின்சாரம் வரும் வழி முழுக்கப் பாய்கிறது, வழியில் இருக்கும் எல்லா ரிலேவும் அதைப் பார்க்கிறது. மஞ்சூர் பக்கம் மரம் விழுந்தால் அந்தத் துண்டு மட்டும் கழல வேண்டும். அதற்காக ஊட்டியே இருட்டாகிவிடக் கூடாது. ஆகவே, ஃபால்ட்டுக்குப் பக்கத்து ரிலே முந்த வேண்டும், அதற்கு மேலே, மின்சாரம் வரும் பக்கம் இருப்பது ஒரு நொடியின் சிறு பங்கு பொறுத்துப் பார்க்க வேண்டும். கீழே பிரேக்கர் சிக்கிக்கொண்டால்தான் மேலே உள்ளது வேலையில் இறங்கும். அதிகம் பொறுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கொஞ்சமும் பொறுக்காவிட்டால் வட்டாரமே அணைந்துவிடும்.

இப்போது லேப்டாப்பை மாட்டி செட்டிங் போட்டுவிடுகிறோம். பழைய ரிலேவில் ஒரு அலுமினிய வட்டு சுற்றும். கரண்ட் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சீக்கிரம் சுற்றி முடித்து ட்ரிப் கொடுக்கும், அதாவது பிரேக்கரைத் திறக்கச் சொல்லும். கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில், ஒவ்வொரு இடத்திலும் ஃபால்ட் கரண்ட் எவ்வளவு வரும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு அந்த வட்டின் நேரத்தை முடிவு செய்தார்கள். முதல் பெண் என்ற பட்டத்தைவிட, இந்த மாதிரிக் கணக்குகள் நிறைந்த துறையில் சுமார் 30 வருஷம் தாக்குப்பிடித்தாரே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

1953இல் லண்டன் மின்பொறியாளர் சங்கம் அவரை இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் போய் வந்தார். 1979இல் காலமானார்.

நீங்கள் ஈ.ஈ.ஈ. என்பதால் ஒன்று சொல்கிறேன். 'புரொடெக்‌ஷன் அண்ட் ஸ்விட்ச்கியர்' பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படிக்காதீர்கள். அனுமதி கிடைத்தால் மழைக்காலத்தில் ஒரு நாள் ஏதாவது துணை மின்நிலையக் கண்ட்ரோல் ரூமில் போய் உட்கார்ந்து பாருங்கள். எந்த ரிலே எப்போது வேலை செய்தது என்று அங்கே பதிவேட்டில் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள்.