லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஒரு நாள்: பஸ்ஸும் படகும் – கேள்வி பதில்

இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏரிப் பகுதியை வழிகாட்டியோடு பஸ்ஸிலும் படகிலுமாக ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் குடியிருப்பது பக்கத்து ஊரான கென்டலில். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் இந்தச் சுற்றுலாவுக்குத்தான் அனுப்பி வைப்பேன், கூடவே போனதும் உண்டு. உங்கள் கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கிராய்டனிலிருந்து ஒரு தங்கை: அக்கா, ஒரே நாளில் பத்து ஏரி காட்டுகிறோம் என்கிறார்களே, நடக்கிற காரியமா?

நடக்கும். ஆனால் அந்தப் பத்தில் பாதியை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். ஏன் என்று புரிந்துகொண்டால் எந்தச் சுற்றுலாவை எடுப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

இங்கே ஏரிகள் நடுவிலிருக்கும் மலைக்கூட்டத்திலிருந்து நாலா பக்கமும் விரிந்து கிடக்கின்றன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி என்று கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தன் பயண வழிகாட்டி நூலில் எழுதியிருக்கிறார். பனியுகத்தில் உறைபனி ஆறுகள் மலையிலிருந்து இறங்கித் தோண்டிய நீளமான பள்ளத்தாக்குகள் இவை. அதனால் ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டுமென்றால் நேர்வழி கிடையாது. மலையைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கணவாய் ஏறி இறங்க வேண்டும். நேரமெல்லாம் அதில்தான் போகும்.

ஏரி எண்ணிக்கையைப் பார்த்து பணம் கட்டாதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். படகில் எத்தனை நிமிடம்? இறங்கி நிற்க எத்தனை இடம்? படகில் அரை மணி நேரமாவது இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். பஸ்ஸிலிருந்து தெரிவது ஏரியின் ஒரு கரை மட்டும். நடுநீரில் போய்ச் சுற்றிலும் பார்த்தால்தான் மலைகள் எப்படிச் சூழ்ந்து நிற்கின்றன என்பது விளங்கும்.

ஹரோவிலிருந்து ஒரு தம்பி: அக்கா, எங்களிட்ட கார் இருக்கு. பிறகு ஏன் காசு குடுத்து பஸ்ஸில போகவேணும்?

கார் ஓட்டுகிறவர் ஒன்றும் பார்க்க முடியாது, தம்பி. இரண்டு பக்கமும் கல்சுவர், நடுவில் ஒரு வண்டி போகும் அகலம், எதிரே ஒரு வேன் வந்தால் பின்னாலேயே போய் ஒதுங்க வேண்டும். ஹானிஸ்டர் கணவாயில் நாலுக்கு ஒன்று ஏற்றம், அதாவது நாலடி போனால் ஓரடி உயரும். ஹார்ட்நாட், ரைனோஸ் கணவாய்களில் மூன்றுக்கு ஒன்று. பழக்கமில்லாதவர் மழை நாளில் அங்கே போகவே வேண்டாம். கோடையில் பத்து மணிக்குப் பிறகு பார்க்கிங் கிடைப்பதும் பாடுதான்.

இன்னொரு விஷயம் உண்டு. காரில் வந்தால் படகு ஏறிய துறைக்கே திரும்பி வந்து இறங்க வேண்டும். வழிகாட்டியோடு போகும் பல சுற்றுலாக்களில் விண்டர்மியர் ஏரியின் போனெஸ் துறையில் படகேற்றி விட்டு, பஸ் இன்னொரு துறையான ஆம்பிள்சைடுக்குப் போய்க் காத்திருக்கும். ஒரு பக்கப் பயணம் அரை மணி நேரம். வந்த வழியிலேயே திரும்பும் அலுப்பு இல்லை. அப்புறம் இந்தச் சுற்றுலாக்களில் வருவது பெரும்பாலும் பதினாறு பேர் உட்காரும் சின்ன பஸ். பெரிய கோச் நுழையாத சாலைக்கும் அது போகும்.

காரில் வந்தே ஆகவேண்டுமென்றால் எம்6 நெடுஞ்சாலையில் விண்டர்மியருக்கு 36-ஆவது சந்திப்பில் இறங்குங்கள், கெஸ்விக் ஊருக்கும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கும் 40-இல். காரை நிறுத்திவிட்டு மறுநாள் பஸ்ஸில் ஏறுங்கள்.

லண்டனிலிருந்து காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாமா?

வேண்டாம். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸன்ஹோம் நிலையத்துக்கே ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கே மாறி விண்டர்மியர் கிளை ரயில். சுற்றுலா பஸ்கள் காலை 9, 9:30 வாக்கில் கிளம்பிவிடும். முந்தின நாள் மாலை வந்து ஒரு இரவு தங்குங்கள். மான்செஸ்டர்க்காரர்கள் ஒரே நாளில் முடிக்கலாம்.

மகன் வீட்டுக்கு மதுரையிலிருந்து வந்திருக்கும் ஒரு அம்மா: எனக்கு முழங்கால் வலி. சேலைதான் கட்டுவேன். தோதுப்படுமா?

தாராளமாக வாருங்கள், அம்மா. இறங்கும் இடங்களில் நூறு, இருநூறு அடி நடந்தால் போதும். முடியாவிட்டால் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சின்ன பஸ்ஸில் ஏறும் படி உயரமாக இருக்கும். மகனிடம் சொல்லி, பதிவு செய்யும்போதே கூடுதல் படிக்கட்டு உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். விண்டர்மியரின் பெரிய படகுகளில் ஏறுவது எளிது. டெர்வென்ட்வாட்டர் ஏரியில் சின்னப் படகுகள், மரப் பலகைத் துறைகள். நீர்மட்டம் ஏறி இறங்குவதற்குத் தக்கபடி படகு ஒருநாள் தாழ்ந்தும் ஒருநாள் உயர்ந்தும் நிற்கும், கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள்.

சேலைக்கு ஒரு யோசனை. நைலெக்ஸ், ஜார்ஜெட் வேண்டாம், படகின் மேல்தட்டில் காற்று தூக்கி அடிக்கும். பருத்திச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே ஏற்றிக் கட்டி, உள்ளே லெக்கிங்ஸ், காலுக்கு சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். முந்தானையை உள்ளே செருகிவிட்டு மேலே மழைக்கோட்டை ஜிப் போட்டுவிடுங்கள். குடை எடுத்து வராதீர்கள், இந்தக் காற்றில் மடங்கிக்கொள்ளும்.

மழை பெய்தால் பணம் தண்டமா?

மழை பெய்தாலும் சுற்றுலா நடக்கும், பலத்த காற்று அடித்தால் மட்டும் படகை நிறுத்துவார்கள். இந்தப் பகுதியிலுள்ள சீத்வெயிட்தான் இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. 2015 டிசம்பர் 5 அன்று டெஸ்மண்ட் புயலில் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது.

இத்தனையும் சொல்வது பயமுறுத்த இல்லை. மழை விட்ட அரை மணியில் வாருங்கள், மலைச் சரிவெங்கும் வெள்ளைக் கோடாக ஓடைகள் இறங்குவது தெரியும். வெயில் நாளில் அவை இருக்காது. மேகம் ஏரி மேல் படிந்து மெல்ல விலகும்போது எதிர்க்கரை துண்டு துண்டாக வெளிப்படும். பளிச்சென்ற வெயில் நாளைவிட எனக்கு அந்த நாள்தான் பிடிக்கும்.

குழந்தைக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும். என்ன செய்ய?

முன் சீட் கேட்டு வாங்குங்கள். காலையில் இட்லி மாதிரி லேசாக ஏதாவது கொடுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள். மாத்திரை பற்றி மருந்துக்கடையில் கேட்டு, கிளம்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும், வழியில் கொடுத்துப் பயனில்லை.

விண்டர்மியர், டெர்வென்ட்வாட்டர், அல்ஸ்வாட்டர் – எந்த ஏரியில் படகு போவது நல்லது?

இதுதான் முக்கியமான கேள்வி.

விண்டர்மியர் இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி. நீளம் பத்தரை மைல், அதாவது 17 கிலோமீட்டர் போல. படகுகள் பெரியவை, கழிப்பறை, காபி எல்லாம் உண்டு. 1891-இல் ஓடத் தொடங்கிய 'டெர்ன்' இன்னும் ஓடுகிறது. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்களுக்கு இதுதான் சரி. ஆனால் போனெஸ் கரையில் ஆகஸ்ட் மாதத்தில் திருவிழாக் கூட்டம் இருக்கும், கரையோரம் வீடுகளும் ஓட்டல்களும் அதிகம்.

அல்ஸ்வாட்டர் நீளமாக, வளைந்து வளைந்து மலைகளுக்குள் புகுந்து போகும். கிளென்ரிடிங்கிலிருந்து பூலி பிரிட்ஜ் வரை முழு நீளமும் போனால் ஒரு மணி நேரம். 1877-இல் நீரில் இறங்கிய 'லேடி ஆஃப் த லேக்' இங்கே ஓடுகிறது. விண்டர்மியர் பக்கமிருந்து இங்கே வரும் பஸ் 454 மீட்டர் உயரமுள்ள கிர்க்ஸ்டன் கணவாயைத் தாண்டி இறங்கும். அந்த இறக்கத்துக்காகவே இதை எடுக்கலாம்.

ஒருநாள் சுற்றுலாவுக்கு என்று கேட்டால் டெர்வென்ட்வாட்டர்தான் என் தேர்வு. ஏரி சின்னது, ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. கெஸ்விக்கில் ஏறினால் ஐம்பது நிமிடத்தில் முழுச் சுற்றும் முடித்து அங்கேயே இறக்கிவிடுவார்கள். ஒரு ஏரியை முழுசாகப் பார்த்தோம் என்ற நிறைவு கிடைக்கும். நடுவே மரம் மூடிய தீவுகள். அதில் ஒன்றில் ஏழாம் நூற்றாண்டில் ஹெர்பர்ட் என்ற துறவி தனியாக வாழ்ந்தார், தீவுக்கு இன்றும் அவர் பெயர்தான். படகுகள் இரண்டு திசையிலும் சுற்றும். கடிகார முள் திசையில் போகும் படகில் கரை இடது கைப்பக்கமும் தீவுகள் வலது கைப்பக்கமும் வரும், பார்த்து உட்காருங்கள்.

பஸ் சர்ப்ரைஸ் வியூ என்ற பாறை முனைக்கு ஏறுமா என்று மறக்காமல் கேளுங்கள். குறுகலான கல்பாலம் தாண்டிப் போகும் சாலை அது. அங்கே நின்றால் ஏரி மொத்தமும் காலடியில் தெரியும். வடக்கே கெஸ்விக் ஊர், பச்சைச் சமவெளி, அதற்கும் அப்பால் இன்னொரு ஏரி பாசன்த்வெயிட், வலப்புறம் ஸ்கிடா மலை. ஒரு காலத்தில் அந்த இரண்டு ஏரிகளும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நடுவில் மேடாகி அந்தச் சமவெளி உண்டாயிற்று. மேலிருந்து பார்த்தால் இதை யாரும் விளக்கவே வேண்டாம். படகுக்கு முன்போ பின்போ இந்த இடத்தையும் பார்த்துவிட்டால்தான் டெர்வென்ட்வாட்டரைப் பார்த்ததாகக் கணக்கு.

சைவச் சாப்பாடு?

ஆம்பிள்சைடிலும் கெஸ்விக்கிலும் சைவம் நன்றாகவே கிடைக்கும். ஆனால் மதியம் நிறுத்தும் நேரம் குறைவு, கடை வரிசையில் நின்றே பாதி போய்விடும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டு கெஸ்விக் ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பஸ்ஸுக்குள் மட்டும் டப்பாவைத் திறக்க வேண்டாம். குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை: வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில்ஸ் கவிதையை நடத்தி நடத்தி மனப்பாடமே ஆகிவிட்டது. அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியும், டீச்சர். அது அல்ஸ்வாட்டரின் மேற்குக் கரையில் கிளென்கொயின் விரிகுடாப் பக்கம். 1802 ஏப்ரல் 15 அன்று அவரும் தங்கை டோரத்தியும் அந்த வழியாக நடந்து வந்தார்கள். டோரத்தி தன் நாட்குறிப்பில் டாஃபடில் பூக்களை விரிவாக எழுதி வைத்தார், கவிதை பிறகுதான் வந்தது. கவிதையில் வேர்ட்ஸ்வொர்த் தனியாக அலைந்ததாக வரும், நிஜத்தில் தங்கையும் கூட இருந்தார். அவருடைய குறிப்பையும் சேர்த்து வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பூ பார்க்க மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் வர வேண்டும். அல்ஸ்வாட்டர் போகும் சுற்றுலாவாகப் பார்த்து எடுங்கள். அண்ணனும் தங்கையும் அப்போது குடியிருந்த டவ் காட்டேஜ் கிராஸ்மியரில் இருக்கிறது. வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறையும் அதே ஊர்த் தேவாலய முற்றத்தில்தான். பல சுற்றுலாக்கள் கிராஸ்மியரில் அரை மணி நேரம் நிறுத்தும். கல்லறைக்கு அது போதும், வீட்டுக்குள் போய்ப் பார்க்கப் போதாது.

ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா?

சுற்றுலா நாளில் வேண்டாம். ஆகஸ்டிலும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும், திடீரென இறங்கினால் மூச்சுத் திணறும். கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் சட்டென்று விழும் இடங்கள் உண்டு. வெயில் காலத்தில் நீலப்பச்சைப் பாசி பற்றிய அறிவிப்புப் பலகை இருந்தால் குழந்தைகளைக் காலை நனைக்கக்கூட விடாதீர்கள்.

தேனியிலிருந்து ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்: தெர்ல்மியர் என்ற ஏரி உண்மையில் அணைக்கட்டு என்று கேள்விப்பட்டேன். சுற்றுலாவில் வருமா?

வரும் ஐயா. தேனிக்காரர் கேட்டதில் எனக்குத் தனி சந்தோஷம்.

அங்கே முன்பு ஒரு சிறிய ஏரி இருந்தது. மான்செஸ்டரின் ஆலைகளுக்கும் மக்களுக்கும் தண்ணீர் போதாமல், நகராட்சி அதன் வடமுனையில் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியது. வீடுகளும் வயல்களும் மூழ்கின. எதிர்ப்பு பலமாக இருந்தது, ஆனாலும் வேலை நடந்து 1894-இல் மான்செஸ்டருக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. 96 மைல் தூரம், வழியில் ஒரு பம்பு கிடையாது, வாட்டத்திலேயே ஓடுகிறது. இன்றும் ஓடுகிறது.

மறு ஆண்டே, 1895-இல், பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையை முடித்தார். வடக்கே வடிய வேண்டிய தெர்ல்மியர் நீரை டன்மெயில் ரெய்ஸ் மேட்டுக்கு அடியில் சுரங்கம் வெட்டித் தெற்கே திருப்பினார்கள். மேற்கே போக வேண்டிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். இரண்டும் ஒரே காலத்துப் பொறியாளர்கள் ஒரே யோசனையில் செய்த வேலைகள். பெரியாற்று நீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இங்கே வந்து தெர்ல்மியரைச் சும்மா கடந்து போகக்கூடாது என்பது என் எண்ணம்.

பெரும்பாலும் பஸ் இங்கே நிற்காது. கிராஸ்மியரிலிருந்து கெஸ்விக்குக்கு வடக்கே போகும்போது ஏரி இடது கைப்பக்கம் வரும், அந்தப் பக்க ஜன்னல் பிடியுங்கள். டன்மெயில் ரெய்ஸ் மேட்டைத் தாண்டி இறங்கியதும் சாலையின் வலப்புறம் ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம் தெரியும். நீரில் மூழ்கிய வைத்பர்ன் ஊரில் எஞ்சியது அநேகமாக அவ்வளவுதான். அணையையே பார்க்க வேண்டுமென்றால் மறுநாள் 555 பஸ்ஸில் தனியாக வாருங்கள். அது கென்டல், விண்டர்மியர், கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் போகும் சாதாரண ஊர் பஸ். ஓட்டுநரிடம் அணைக்குப் போகவேண்டும் என்று சொன்னால் பக்கத்து நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். திரும்பும் பஸ் நேரத்தை இறங்குவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள், அங்கே நிழற்குடை எதிர்பார்க்காதீர்கள்.