களை மருந்துக்கு டிரோன்: வாடகைக்கா, விலைக்கா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. பொடிவிதை (நாற்று நடாமல் காய்ந்த மண்ணில் நேரடி விதைப்பு) விதைத்து இருபது நாள் ஆகிறது. களை பறிக்க ஆள் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வரும் டிரோன்காரர் ஒருவர், ஏக்கருக்குப் பத்து நிமிடம் போதும், ஒரு களையும் மிஞ்சாது என்கிறார். பக்கத்து வயலில் தக்காளியும் கத்தரியும் நிற்கின்றன. அவரை அழைக்கலாமா?

பதில்: நேரக் கணக்கு ஏறக்குறையச் சரிதான். 10 லிட்டர் தொட்டியுள்ள டிரோன் ஒரு ஏக்கரை அவ்வளவு நேரத்தில் முடித்துவிடும். ஒரு களையும் மிஞ்சாது என்ற உறுதியைத்தான் நம்ப வேண்டாம். களை சாவது மருந்தையும் களையின் பருவத்தையும் பொறுத்தது. டிரோன் மருந்தைச் சுமந்து செல்லும் வண்டி மட்டுமே. நேரடி விதைப்பு நெல்லில் பரவலாகப் பயன்படும் பிஸ்பைரிபாக் சோடியம் 10 சதவீதக் கரைசல், குதிரைவாலிப் புல்லும் கோரையும் இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். நீங்கள் இப்போது அந்தப் பருவத்தின் விளிம்பில் இருக்கிறீர்கள். உங்கள் வயலில் இருப்பது வரிநெல் என்னும் களைநெல்லாக இருந்தால், அதுவும் நெல் இனமே ஆகையால், பயிரை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்ல இந்த மருந்தால் முடியாது. எவ்வளவு துல்லியமாகத் தெளித்தாலும் பணம்தான் வீணாகும். வரிநெல் பயிரைவிட உயர்ந்து நிற்பதைப் பயன்படுத்தி, அதன் கதிரில் மட்டும் மருந்தைத் தடவும் கைக்கருவி ஒன்றைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அதைப் பற்றி உங்கள் ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கேளுங்கள்.

எனக்குக் கவலை தருவது தக்காளிதான். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150 முதல் 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் அதே அளவு மருந்தை, டிரோனில் 8 முதல் 10 லிட்டர் தண்ணீரில் கலக்கிறார்கள். அதாவது, வரப்பைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு துளியும் பல மடங்கு செறிவானது. பூச்சி மருந்துக்கு ஏற்ற நுண்துளி நாசிலை (தெளிப்பு முனையை) கொண்டே களைக்கொல்லியையும் அடித்தால், அது பனிபோல் மிதந்து அடுத்த வயலில் இறங்கிவிடும். ஆகவே பெருந்துளி விழும் நாசில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பயிருக்கு மேல் சுமார் 2 மீட்டர் உயரத்தில்தான் பறக்க வேண்டும்; காற்று நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் வீசினால் அன்று தெளிக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாயின் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளையே நிறுத்தியிருக்கிறார்கள். எனவே அதிகாலையில் தெளிப்பு, காற்று மிகுந்தால் கட்டணமின்றி வேறொரு நாள் என்று முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தக்காளிப் பக்கம் ஓரிரு பாத்தி அகலத்தை டிரோனுக்கு விடாமல், கைத்தெளிப்பானில் முடிப்பது நல்லது. தென்னையும் பனையும் நிற்கும் வரப்போரங்களில் டிரோன் எப்படியும் விட்டுவிட்டுத்தான் போகும். அந்த இடங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்கிறாரா என்று பாருங்கள்.

மருந்தை அவர் கொண்டுவருவதாக இருந்தால், சீல் உடையாத புட்டியையும் அதன் லேபிளையும் உங்கள் கண்முன் காட்ட வேண்டும். டிரோன் ஓட்டுபவருக்கான பைலட் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். மருந்து விஷயம் அப்படியன்று. பாராகுவாட், அனிலோபாஸ் முதலிய களைக்கொல்லிகளைக் கேரளம் 2011-லும், கிளைபோசேட் களைக்கொல்லியை 2019-லும் தடை செய்தது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் ஒரு கடையில் கிடைக்கிறது என்பதற்காக அதை இங்கே தெளிக்க முடியாது. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் பூச்சி மருந்து தெளித்ததன் விளைவைக் கண்ட மாநிலம் இது; மேலிருந்து மருந்து என்றதும் அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்பது நியாயமே. முந்தைய நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள் மானியத்தில் டிரோன் வாங்கி வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறோம். லாபம் வருமா?

பதில்: மானியம் உண்மைதான். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 50 சதவீதம், உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதம், உச்சவரம்பு 4 லட்சம். மானிய அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் விற்பனையாளர் கேட்கும் முன்பணத்தைக் கட்டாதீர்கள். வகைச் சான்றிதழ் (அந்த மாடலுக்கான அரசு ஒப்புதல்) பெற்ற மாடலா, டிரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். உங்களில் ஒருவராவது பைலட் சான்றிதழ் பெற்றாக வேண்டும்.

விலைப்பட்டியலில் சிறிய எழுத்தில் இருப்பது பேட்டரி. ஒரு ஜோடி பேட்டரி ஒரு முறை பறந்து வருவதற்குத்தான் போதும். நாள் முழுதும் வேலை செய்ய நான்கைந்து ஜோடியும் ஒரு ஜெனரேட்டரும் வேண்டும். சில நூறு முறை சார்ஜ் ஏற்றிய பின் அவற்றை மாற்றியாக வேண்டும். களைக்கொல்லிக்கு உரிய நாட்களும் குறைவு, அவை எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் வந்துவிடும். பாடசேகர சமிதி (நெல் விவசாயிகள் குழு) இரண்டு மூன்றுடன் பூச்சி மருந்து, நுண்ணூட்டத் தெளிப்புக்கும் சேர்த்து எழுத்தில் ஒப்பந்தம் கிடைக்காதவரை, நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

வாங்கிய டிரோன் பழுதானால், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று சொல்லி, விற்றவர்கள் உங்களைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. விற்றவர் கோவையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் பாலக்காட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: பக்கத்து வயலில் டிரோன் அடித்ததில் என் கத்தரிச் செடிகள் சுருண்டுவிட்டன. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போக முடியாது; அந்தச் சேவைக்குப் பணம் கொடுத்தவர் நீங்கள் அல்லர். ஆனால் இத்தகைய டிரோனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். காப்பீட்டு எண்ணை எழுத்து மூலம் கேளுங்கள். மருந்து பரவலால் வரும் இழப்பை அந்தப் பாலிசி ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் தெளித்தவரிடமும் தெளிக்கச் சொன்னவரிடமும் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். சுருண்ட இலைகள் உதிர்வதற்குள் தேதியுடன் படம் எடுத்து, வேளாண் அலுவலரை வயலுக்கு வரவழைத்துப் பார்வை அறிக்கை வாங்கிவிடுங்கள்.