சிறுநீரக நோயாளிக்கு பாக்கெட் சிக்கனும் மக்காச்சோளமும் ஆகுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64, எடை 60 கிலோ. நாள்பட்ட சிறுநீரக நோய், நான்காம் நிலை, டயாலிசிஸ் தொடங்கவில்லை. பொட்டாசியம் 5.3. வாய்க்கு ருசியில்லை என்று சொல்லி, பேரன் சாப்பிடும் சிக்கன் சாசேஜையும் ஸ்வீட் கார்ன் சூப்பையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, பாலக்கோடு

பதில்: சாசேஜ் வேண்டவே வேண்டாம். சோளத்துக்கு வழி இருக்கிறது.

100 கிராம் சாசேஜில் பெரும்பாலும் 800 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கும். அப்பாவுக்கு நாள் முழுவதற்குமே 2,000 மி.கி.தான், அதாவது சுமார் 5 கிராம் உப்பு. அதைவிடக் கெடுதல், கறி நீர் வற்றாமல் மெத்தென்றிருக்கச் சேர்க்கும், பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் உப்புகள். சாதாரணக் கோழிக்கறியில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதிதான் உடலில் சேரும். மேலிருந்து சேர்த்த பாஸ்பேட் பெரும்பகுதி அப்படியே ரத்தத்தில் ஏறிவிடும். அதைச் சிறுநீரகம் வெளியேற்றாதபோது தோல் அரிக்கும், எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும். நக்கெட்ஸ், சலாமிக்கும் இதே கதைதான். பாக்கெட்டின் பின்புறம் 339, 450, 451, 452 என்ற எண்களோ 'பாஸ்பேட்' என்ற சொல்லோ தெரிந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

பதிலுக்கு, எலும்பில்லாத பச்சைக் கோழி 50 கிராம் எடுங்கள். இதில் புரதம் சுமார் 10 கிராம். டயாலிசிஸ் இல்லாத நிலையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்று வைத்தால், அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 36 முதல் 48 கிராம்; பருப்பு, பால், முட்டை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கோழியைச் சிறு துண்டுகளாக்கி, நிறைய தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பாஸ்பரஸும் பொட்டாசியமும் ஓரளவு அதிலேயே போய்விடும். பிறகு மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு வதக்குங்கள். ருசி இங்கேதான் திரும்பும். 'லோ சோடியம்' உப்பு மட்டும் கூடவே கூடாது: பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பொட்டாசியம் மேலும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஸ்வீட் கார்ன் 100 கிராமில் பொட்டாசியம் சுமார் 270 மி.கி. முத்துகளை உதிர்த்து 50 கிராம் எடுத்து, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். அன்று சோற்றில் ஒரு கைப்பிடி குறையட்டும். சாலையோரம் சுட்டுத் தரும் கதிரில் பொட்டாசியம் வெளியேற வழியே இல்லை. மேலே தடவுகிற உப்பும் மிளகாயும் வேறு. பாக்கெட் சூப்பில் உப்பு கொட்டிக்கிடக்கும். வீட்டில் செய்தால் கோழி வெந்த தண்ணீரைச் சேர்க்காமல், வெறும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளவர் கரைத்துக் கெட்டியாக்குங்கள். அதில் பொட்டாசியம் மிகச் சொற்பம். கால் வீங்கி மருத்துவர் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால், சூப்பும் அந்தக் கணக்கில்தான் வரும்.

உங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்று. தருமபுரி மாவட்டத்துப் போர்வெல் தண்ணீர் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் அது தங்கிவிடும். கொதிக்கவைத்தாலும் போகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே பிடித்து வையுங்கள். பொட்டாசியம் 5.3 என்பது அளவுக்கு மேல்தான். சோளம் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.