பார்க்காத வாழ்க்கையைக் கதையாக எழுதலாமா?

கேள்வி: நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு டியூட்டி பார்க்கும் ஒரு நர்ஸை வைத்து நாவல் எழுத ஆசை. ஆனால் அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுது என்கிறார்கள் நண்பர்கள். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன் பிறந்தது 1871இல். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததோ 1865இல். போர்க்களத்தையே பார்க்காமல் அந்தப் போரைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1895இல் புத்தகமாக வந்து, இன்றும் வாசிக்கப்படுகிறது. நம் ராஜம் கிருஷ்ணன் வேறு வழி: உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுமுன் அவர்களிடம் போய்ப் பழகினார்.

பயம், களைப்பு, குற்ற உணர்வு எல்லாம் உங்களுக்கும் தெரிந்தவைதான். தெரியாதது வேலை. அந்தக் காலி இடத்தில்தான் சினிமாவில் பார்த்தது வந்து உட்கார்ந்துகொள்ளும். மானிட்டரில் அலாரம் அடித்ததும் எல்லோரும் ஓடுவதாக எழுதிவிடுவீர்கள். அங்கே அலாரம் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஒயர் கழன்றிருக்கும், நோயாளி புரண்டு படுத்திருப்பார். அந்தச் சத்தம் காதுக்குப் பழகிப்போவதுதான் ஆபத்து. உங்கள் கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்குமா?

ஆகவே ஒரு நர்ஸைச் சந்தித்தால், "நோயாளி இறக்கும்போது மனசு எப்படி இருக்கும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். பலரிடம் சொல்லித் தேய்ந்த பதில்தான் வரும். அதற்கடுத்த அரை மணி நேரம் என்னென்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். குழாய்களை எடுப்பது, உடலைத் துடைப்பது, படிவம் நிரப்புவது, அடுத்தவருக்குப் படுக்கையைத் தயார் செய்வது... இதை ஒழுங்காக எழுதினாலே போதும், துக்கத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்காது. அப்புறம், அவர் சொன்ன ஒரு நோயாளியின் கதையை அடையாளம் தெரிகிற மாதிரி எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

திரட்டியதையெல்லாம் நாவலின் பக்கங்களில் கொட்டவும் வேண்டாம். பல வருடம் வேலை பார்த்தவர் தன் கருவிகளை மனதுக்குள் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். விளக்கியே ஆக வேண்டுமென்றால், புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பார்வையில் சொல்லுங்கள். பழைய உத்திதான், ஆனால் இன்னும் பலிக்கிறது.

எழுதி முடித்ததும் ஒரு நர்ஸிடமே படிக்கக் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார். எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று கேளுங்கள்.