ஆர்க் விளக்கு ஏன் சீறியது? ஹெர்த்தா அயர்ட்டன் அதில் கண்டுபிடித்தது என்ன?

"முதல் பெண் மின்பொறியாளர்களில் ஒருவர் என்கிறார்களே, அப்படி என்ன செய்தார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டங்களை விடுங்கள், ஆர்க்கைப் பார்ப்போம்.

ஆர்க் என்பது இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு நடுவே, இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாயும்போது எரியும் சுடர். பழைய டூரிங் டாக்கீஸ் புரொஜெக்டரில் கார்பன் குச்சி மாட்டி எரிப்பார்களே, அதேதான். 1890களில் லண்டன் தெருக்களிலும் அது எரிந்தது. வெளிச்சத்தில் பெரும்பங்கு நேர்மின் கார்பன் நுனியில் விழும் குழியிலிருந்து வரும். கரண்டை ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் திடீரென்று சீறும், வோல்ட்டேஜ் சுமார் 10 வோல்ட் இறங்கும், வெளிச்சம் ஆடும்.

ஹெர்த்தா கண்ட காரணம் இது: கரண்ட் கூடக்கூடக் குழி அகலும். நுனியில் இடம் போதாமல் பக்கவாட்டில் ஏறியதும், அதுவரை ஆவி போர்த்தியிருந்த குழியில் காற்று நேராகப் படுகிறது. ஆக்சிஜனோடு கார்பன் எரியும் ஓசைதான் அந்தச் சீறல். காற்றுப் புகாத கலத்துக்குள் ஆர்க்கை எரித்தார், வோல்ட்டேஜ் சரிவு இல்லை. குழியின் மேல் ஆக்சிஜனை ஊதினார், சரிவு வந்தது. நைட்ரஜனை ஊதினால் வரவில்லை. ஆக, சீறாமல் எரிய, தடித்த நேர்மின் கார்பன் போடலாம், அல்லது கரண்டைக் குறைக்கலாம்.

இதை 1899இல் லண்டன் மின்பொறியாளர் நிறுவனத்தில் தானே வாசித்தார். அங்கே முதல் பெண் உறுப்பினரும் அவரே. 1902இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவிக்கு முன்மொழிந்தபோது, மணமான பெண் என்று சட்டத்தைக் காட்டி மறுத்தார்கள். அதே சொசைட்டி 1906இல் ஹியூஸ் பதக்கம் கொடுத்தது வேடிக்கைதான்.

என் கணக்கில் அவருடைய பெரிய சொத்து இந்தச் சமன்பாடு:

வோல்ட்டேஜ் = 38.88 + 2.074 × நீளம் + (11.66 + 10.54 × நீளம்) ÷ கரண்ட்

நீளம் என்பது ஆர்க்கின் நீளம், அதாவது குச்சிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, மில்லிமீட்டரில்; கரண்ட் ஆம்பியரில். 5 மி.மீ. ஆர்க்குக்கு 6 ஆம்பியரில் 60 வோல்ட், 10 ஆம்பியரில் 55.7 வோல்ட். கரண்ட் ஏறினால் வோல்ட்டேஜ் இறங்குகிறது, கவனியுங்கள். நேரடியாக சப்ளையில் மாட்டினால் கரண்ட் கட்டுமீறி ஓடும். 110 வோல்ட் டி.சி.யில் 10 ஆம்பியருக்கு மீதி 54 வோல்ட்டைத் தாங்க, தொடரில் சுமார் 5.4 ஓம் ரெசிஸ்டன்ஸ் வேண்டும். அதில் மட்டும் 540 வாட் சூடாக வீணாகும்.

இந்த எண்கள் முழுக் கார்பனுக்கு. நடுவில் துளையிட்டு மென்கரி அடைத்த குச்சிக்கு அப்படியே போட்டால் கணக்கு தப்பும்.